லைல் செய்த சாதுத் தோட்டாக்கள்

லைல் டிரென்வித்தின் இடது கை ஒரு காலிப் பித்தளைக் கூட்டை எடுத்துக் கருவியில் பொருத்தியது. வலது கை கைப்பிடியை இழுத்து இறக்கியது. அடியில் அடிபட்டுத் தீ மூட்டும் பழைய கேப்பு கழன்று கீழே விழுந்தது, புதுக் கேப்பு ஏறி உட்கார்ந்தது. மேலே இருந்த குடுவையின் சின்ன நெம்புகோலை ஒரு தட்டு தட்டினால் அளந்த வெடிமருந்து சரசரவென்று கூட்டுக்குள் இறங்கும். அதன் வாயில் ஒரு ஈயக் குண்டை வைத்து மறுபடி அழுத்தினால் தோட்டா தயார். பார்க்க அழகான வேலை. கைகளை மட்டும் பார்ப்பவர்கள், இவரைப் போல நிதானமான மனிதர் தென் ஆஸ்திரேலியாவின் யார்க் தீபகற்பத்திலேயே இல்லை என்று சொல்லிவிடுவார்கள். தொல்லை எல்லாம் கழுத்துக்கு மேலேதான்.

கழுத்துக்கு மேலே இருந்தது ரேடியோவில் ஃபுட்பால் கேட்டுக்கொண்டிருந்தது.

லைல் வேலை பார்த்ததெல்லாம் வாரிடில்லா ஊரின் தானியக் கிடங்கில். லாரியில் வரும் பார்லியில் கம்பியை இறக்கி, ஒரு கை அள்ளித் தட்டில் கொட்டி, தரம் சொல்வது அவர் வேலை. கதிரில் ஒட்டிக்கொண்டு தானியத்தோடு வந்துவிடும் வெள்ளை நத்தை இரண்டு தட்டில் தெரிந்தால் போதும், லாரி முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுவார். விவசாயி கெஞ்சினாலும் சரி, அவன் மச்சினன் வந்து கெஞ்சினாலும் சரி. "அறுவடை அவசரம்னு நத்தைக்குத் தெரியுமா?" என்பார். ஊரில் பாதிப் பேர் ஏதோ ஒரு வருஷத்தில் அவரால் வயலுக்குத் திரும்பிப் போய்ப் பார்லியை மறுபடி சலித்தவர்கள்.

அந்தக் கண்டிப்பெல்லாம் பிறர் பார்லிக்கு மட்டும்தான். ஓய்வு பெற்று வந்து கொட்டகையில் தன் பெஞ்சின் முன் உட்கார்ந்ததும் லைல் வேறு ஆளாகிவிடுவார். வெடிமருந்துக் கம்பெனிகள் போடும் அளவுப் புத்தகத்தைத் தொடவே மாட்டார். "வக்கீலுங்க பயந்து பயந்து எழுதினது" என்பார். எந்த மருந்து எந்த டப்பாவில் இருக்கிறது என்பது அவருக்கு 'மனசிலேயே' இருந்தது. ஒரு தடவை மைலோ டப்பாவைத் திறந்து பாலில் கலக்கப் போன அவர் மனைவி ஏவரில், கரண்டியில் இருந்தது சாம்பல் நிற வெடிமருந்துச் செதில் என்று கண்டு அப்படியே நிறுத்தினாள். அந்த டப்பா கொட்டகைக்குப் போயிற்று. அதன் மேல் ஒரு காகிதம் ஒட்டச் சொன்னதற்கு, "எனக்குத் தெரியாதா?" என்ற பதில் வந்தது.

அவருடைய இடது புருவத்தில் பாதி இல்லை. அது எப்படிப் போயிற்று என்பதற்கு லைலிடம் ஒரு கதை இருந்தது, அதில் கார் பேட்டரி ஒன்று வரும். கொட்டகைத் தரையைக் கூட்டியவள் ஏவரில். தரையில் பேட்டரி எதுவும் கிடக்கவில்லை.

ஏவரில் முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்தவள். அங்கே மாத்திரை வண்டி தள்ளுகிறவர் ஒரு சிவப்பு ஏப்ரன் போட்டுக்கொள்ள வேண்டும். அதைப் போட்டவரிடம் யாரும் பேசக் கூடாது. கட்டிலில் இருக்கும் கிழவர் தன் மருமகளைத் திட்டினாலும், மேனேஜரே வந்து நின்றாலும், சுற்று முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது. ஓய்வு பெற்றபோது ஏவரில் அந்த ஏப்ரனில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து லைலிடம் கொடுத்தாள்.

"தோட்டா செய்யறப்போ இதைப் போட்டுக்கோ. நானும் பேச மாட்டேன், க்ளெமும் பேச மாட்டான்."

லைல் அதைப் போட்டுக்கொண்டு வெளியில் அடுப்பு மூட்டி ஆட்டுக்கறி வாட்டினார். நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

க்ளெம் நாஸ்கி பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவே தகர வேலி. சிறு வயதிலிருந்தே நண்பர்கள், ஆனால் அடிலெய்டின் இரண்டு ஃபுட்பால் அணிகளில் ஆளுக்கொன்று. அந்த இரண்டும் மோதும் நாளில் கோல் விழும்போதெல்லாம் வேலிக்கு வந்து எதிராளியின் காது கிழியக் கத்த வேண்டும் என்பது அவர்களுக்குள் ஒரு சட்டம். வராதவன் கோழை. மழை பெய்தாலும் குடையோடு வந்து கத்துவார்கள்.

அந்த ஜூன் மாதத்தில், இங்கிலாந்து ராஜா பிறந்தநாள் விடுமுறைக்கு முந்தின சனிக்கிழமை, ஆட்டம் அந்த இரண்டு அணிகளுக்கும்தான். மறுநாள் ஞாயிறன்று ரைஃபிள் கிளப்பின் பழைய ராணுவத் துப்பாக்கிப் போட்டி. அதற்குத்தான் லைல் தோட்டா செய்துகொண்டிருந்தார்.

இந்த முறை செய்தது வழக்கமான தோட்டா அல்ல. மார்ச்சில் அவர் நாலு சக்கர பைக்கோடு வாய்க்காலில் கவிழ்ந்ததில் வலது தோள் நகர்ந்து, டாக்டர் கத்தி வைத்துச் சரி செய்திருந்தார். பழைய ராணுவ ரைஃபிள் கழுதை மாதிரி உதைக்கும். அந்தத் தோளில் அந்த உதையை வாங்க முடியாது. அதை வெளியில் சொல்ல லைலால் முடியாது. இருபது வருஷமாக மற்றவர்களின் வலியைக் கேலி செய்தே பெயர் எடுத்தவர். அதனால் ஏவரிலைத் தவிர யாருக்கும் தெரியாமல், மைலோ டப்பாவில் இருந்த ஷாட்கன் மருந்தைக் கொஞ்சமாகப் போட்டு, உதைக்காத சாதுத் தோட்டா ஐம்பது செய்துவிடுவது என்று முடிவு செய்தார்.

இதில் ஒரு விஷயம் உண்டு. ரைஃபிளுக்கு என்றே உள்ள மருந்தை வழக்கமான அளவில் போட்டால் அது கூட்டை ஏறக்குறைய நிரப்பிவிடும். மறந்துபோய் இரண்டு தடவை போட்டாலும் வழிந்து பெஞ்சில் கொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். லைலை இத்தனை வருஷம் காப்பாற்றியது அவர் சாமர்த்தியம் அல்ல, கூட்டின் கொள்ளளவு. ஷாட்கன் மருந்து அப்படி இல்லை. அது வேகமாக எரிவது. கூட்டின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். இரண்டு தடவை போட்டாலும் சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்துகொள்ளும், அதற்குமேல் குண்டும் பொருந்திவிடும். அந்தத் தோட்டாவைச் சுட்டால் ரைஃபிளின் பின்பக்கம் சுடுகிறவன் முகத்துக்கு வந்து சேரும். இதற்காகத்தான் கிளப்பில் மற்றவர்கள் எல்லாக் கூட்டிலும் மருந்தை நிரப்பி வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றாக உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். பார்த்த பிறகுதான் குண்டை வைப்பார்கள்.

"டார்ச்செல்லாம் கண்ணு தெரியாதவனுக்கு" என்பது லைலின் கொள்கை. ஒரு கூட்டில் மருந்து போட்ட கையோடு குண்டை வைத்து மூடிவிடுவார்.

ரேடியோவில் கோல் விழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் க்ளெமின் குரல் வந்தது.

"யோவ் லைல்! கேட்டியா? உங்க ஆளுங்க காலுக்கு பூட்ஸ் போட்டாங்களா, பாஸ்டி ரொட்டியைக் கட்டிக்கிட்டு வந்துட்டாங்களா?"

லைல் கைப்பிடியை விட்டுவிட்டு ஓடினார்.

"இப்பதானேடா ஆரம்பிச்சிருக்கு! கடைசில வந்து பேசு, அப்பப் பாக்கறேன் உன் மூஞ்சிய!"

திரும்பி வந்தபோது கூடு கருவியில் இருந்தது. மருந்து போட்டோமா? போட்டிருப்போம். குண்டை வைத்தார். அடுத்த கோல் அவர் அணிக்கு. இன்னும் உற்சாகமாக ஓடினார். திரும்பி வந்தார். போட்டோமா? போடவில்லை போலிருக்கிறது. நெம்புகோலைத் தட்டினார். அந்த ஆட்டத்தில் கோலுக்குப் பஞ்சமே இல்லை.

நடுவில் ஏவரிலும் சமையலறை வாசலில் நின்று மணி அடித்தாள். ஒரு தடவை கண் சொட்டு மருந்துக்காக, இன்னொரு தடவை பூசணி சூப்பில் உப்பு பார்க்க. உப்பு சரியாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அவர் அணி தோற்றது. க்ளெம் வேலி மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார். வென்றவனுக்கு உரிய பெருந்தன்மை முகத்தில் இருந்தது.

"லைல், நாளைக்கு எனக்குத் தோட்டா பத்தாதுப்பா. கடைக்காரன் லீவுன்னு பூட்டிட்டு மீன் பிடிக்கப் போயிட்டான். ஒரு இருபது குடேன்."

லைல் யோசித்தது ஏவரிலுக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பிறகு கொட்டகைக்குள் போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"எப்பவும் போடற மாதிரிதானே?" என்றார் க்ளெம்.

"அதே மாதிரிதான்."

படியேறி வந்தவரை ஏவரில் நிறுத்தினாள். "அது சாதுத் தோட்டான்னு சொல்லிக் கொடுத்திருக்கலாம்ல?"

"க்ளெம்கிட்ட சொல்றதும் ரேடியோல சொல்றதும் ஒண்ணுதான். என் தோளு ஊருக்கெல்லாம் தெரியணுமா?"

"ஊர்ல வேற யாருக்கும் தோளு வலிச்சதே இல்லையா என்ன?"

லைல் சூப் குடித்தார்.

லைலின் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அது சிமெண்ட்டில் செய்த ஒரு கிளி. அந்த ஊர்களில் தந்தி மரத்திலும் வயலிலும் கூட்டமாக உட்கார்ந்து கூச்சல் போடும் இளஞ்சிவப்புக் கிளியின் பெயரைச் சொல்லித்தான் முட்டாளை அழைப்பார்கள். அந்தக் கிளியை யாரோ சிமெண்ட்டில் வார்த்து, பெயின்ட் அடித்து, கிளப்புக்குக் கொடுத்திருந்தார்கள். வருஷத்தில் பெரிய முட்டாள்தனம் செய்தவருக்கு அதைக் கொடுப்பார்கள். அடுத்த வருஷம்வரை அது அவர் வீட்டு கேட் தூணில் ரோட்டைப் பார்த்து நிற்க வேண்டும். யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சொற்பொழிவு ஆற்றுகிறவர் லைல். போன வருஷம் காதில் அடைப்பான் போடாமல் சுட்ட க்ளெமுக்குக் கிடைத்தது. பாதிச் செவிடாக க்ளெம் அதை வாங்கிக்கொண்டார். லைலின் தூணில் அது உட்கார்ந்ததே இல்லை.

ஞாயிறு காலை வெயில் இருந்தது, காற்றும் இருந்தது. மைதானத்தில் சிவப்புக் கொடி ஏறியது. பொறுப்பு ராண்டாவுடையது. ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். அவள் குரல் கேட்டால் பெரியவர்களும் சீட்டில் நேராக உட்காருவார்கள். லைலும் க்ளெமும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் குப்புறப் படுத்தார்கள். பின்னால் மடக்கு நாற்காலியில் ஏவரில், முதலுதவிப் பெட்டி, காபி, காகிதத்தில் சுற்றிய, கறியும் உருளைக்கிழங்கும் அடைத்த பாஸ்டிகள்.

க்ளெம் முதல் தோட்டாவைச் சுட்டுவிட்டுத் தலையைத் திருப்பினார்.

"என்ன தோட்டாய்யா இது? பூனை தும்மின மாதிரி இருக்கு!"

"நீ குறியப் பாரு."

குறி நன்றாகவே விழுந்தது. உதைக்காத ரைஃபிளை எல்லாராலும் அசையாமல் பிடிக்க முடியும். க்ளெமின் அட்டையில் ஓட்டைகள் நடுவிலேயே நெருங்கி விழுந்தன. இத்தனை வருஷத்தில் அவருக்கு அப்படி நடந்ததில்லை. தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சுட்டுக்கொண்டே போனார். பரிசு அவருக்குத்தான் என்று பின்னால் நின்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

லைல் சுட்டார். நல்ல தும்மல். இன்னொன்று, அதுவும் தும்மல். அதற்கடுத்ததில் 'பொட்' என்று மட்டும் கேட்டது. விரலால் பாட்டிலைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

ஏவரில் அட்டைகளுக்குப் பின்னால் இருந்த மண்மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு குண்டுக்கும் அங்கே புழுதி எழும். இப்போது எழவில்லை. போனது எங்கேயோ நின்றுவிட்டது என்றால், குழலுக்குள்தான் நின்றிருக்க வேண்டும். எழுந்து போய் லைலின் பூட்ஸைக் காலால் தட்டினாள்.

"அடுத்ததைப் போடாதே. புழுதி வரல."

லைலுக்கும் தெரிந்திருந்தது. ரைஃபிளின் போல்ட்டைத் திறந்தார். கூடு வெளியே வந்தது. முகர்ந்து பார்த்தார். மருந்து எரிந்த வாசனையே இல்லை. கேப்பு மட்டும் வெடித்துக் குண்டைக் குழலின் பாதிவரை தள்ளிவிட்டு ஓய்ந்திருந்தது. அடுத்த தோட்டாவைச் சுட்டிருந்தால் அடைத்துக்கொண்ட குழல் பிளந்திருக்கும்.

"மருந்தே போடல" என்றார், ரைஃபிளிடம் சொல்வது போல.

"க்ளெமுக்குக் கொடுத்தது?"

"அதுவும் இதே சாதுதான்."

ஏவரில் குனிந்தாள். "ஒண்ணுல போடாம விட்டிருக்கே. அப்போ இன்னொண்ணுல ரெண்டு தடவ போட்டிருப்பியா?"

லைல் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். முதியோர் இல்லத்தில், மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டு 'முழுங்கிட்டேன்' என்கிறவர்கள் முகம் அப்படித்தான் இருக்கும். பக்கத்துப் பாயில் க்ளெம் போல்ட்டை இழுத்து அடுத்ததை ஏற்றினார்.

"சுடறதை நிறுத்தச் சொல்லு. கண்ணு வெந்தவனுக்குக் கட்டுப் போட்டிருக்கேன் நான், நீ போட்டதில்ல. நீ கத்தறியா, நான் கத்தட்டுமா?"

"கேப்பு கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாமா?"

"அப்படிச் சொன்னா அவன் எதுக்கு நிறுத்துவான்?"

க்ளெம் சுட்டார். தும்மல். அட்டையில் நடு ஓட்டை. போல்ட்டை இழுத்தார்.

லைல் எழுந்து நின்று கத்தினார். "நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க!"

மற்ற பாய்களில் எல்லாரும் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். ஏற்கெனவே பாதிச் செவிடு, காதையும் மூடியிருந்த க்ளெமுக்கு எதுவும் எட்டவில்லை. விரல் துப்பாக்கியின் குதிரைமேல் போயிற்று. ஏவரில் கையில் கிடைத்ததை எறிந்தாள். பாஸ்டி க்ளெமின் தொப்பியில் மோதி உடைந்து, உருளைக்கிழங்கு அவர் காலருக்குள் விழுந்தது.

"யாருடா அது?" என்று விரலை எடுத்துவிட்டுத் திரும்பினார் க்ளெம்.

ராண்டா வந்து நின்றாள். "யார் நிறுத்தச் சொன்னது? காரணம்?"

"தோட்டா சரியில்ல" என்றார் லைல்.

"யாரோடது?"

"என்னோடது."

க்ளெம் அடைப்பானைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "உன்னோடது சரியில்லன்னா நீ எந்திரிச்சுப் போ. நான் ஏன் நிறுத்தணும்? வாழ்க்கைல மொதல் தடவ நடுவுல விழுந்துக்கிட்டிருக்கு. ராண்டா, இவனுக்குப் பொறாமை!"

அவர் திரும்ப ரைஃபிளின் பக்கம் கையை நீட்டினார். ராண்டாவின் முகத்தைப் பார்த்தால், அவளும் அப்படித்தான் நினைக்கிறாள் என்று தெரிந்தது. பின்னால் ஒருவன் சிரித்தான். ஏவரில் நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தாள். முதலுதவிப் பெட்டியின் கொக்கியைத் திறந்து, கண்ணுக்குப் போடும் பஞ்சை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

லைல் அந்தப் பஞ்சைப் பார்த்தார்.

"தொடாதே க்ளெம்! அது ரைஃபிள் மருந்து இல்ல. ஷாட்கன் மருந்து."

"என்னது?"

"மைலோ டப்பால இருந்தது. உதைக்கக் கூடாதுன்னு போட்டேன். தோளு வெட்டினதுலேருந்து... வலிக்குதுய்யா. தூக்க முடியல. நேத்து கோல் விழுந்தப்பல்லாம் உன்கிட்ட கத்த ஓடினேன்ல, திரும்பி வந்து எதுல போட்டேன், எதுல போடலன்னு எனக்குத் தெரியல. ஒண்ணுல போடல. இன்னொண்ணுல ரெண்டு மடங்கு இருக்கலாம். அது உன் பெட்டில இருக்கலாம்."

ராண்டா குனிந்து க்ளெமின் தோட்டாப் பெட்டியை மூடினாள்.

"டார்ச் அடிச்சுப் பாத்தியா?" என்றாள் ராண்டா.

"இல்ல."

"நீ?" என்றார் க்ளெம். "ரெண்டு நத்தைக்கு என் தம்பி லாரியைத் திருப்பி அனுப்பினியே, நீ?"

அதற்குப் பிறகு யாரும் சும்மா இருக்கவில்லை. இத்தனை வருஷமாகத் திருப்பி அனுப்பிய ஒவ்வொரு லாரியும் அங்கே வந்து நின்றது. லைல் நின்று கேட்டுக்கொண்டார். ராண்டா ஒரு பித்தளைக் கம்பியை அவர் ரைஃபிளின் முனையிலிருந்து இறக்கித் தட்டி, அடைத்திருந்த குண்டை வெளியே எடுத்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு கிளிச் சொற்பொழிவை இந்த முறை க்ளெம் ஆற்றினார். நல்ல சொற்பொழிவு. ஒரு வருஷமாகக் கிளியோடு குடும்பம் நடத்தியதில் அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. காலரில் இன்னும் உருளைக்கிழங்கு ஒட்டியிருந்தது.

வீட்டுக்குக் கிளம்பினார்கள். முந்தின நாள் நடுவில் மணி அடித்தது பற்றி ஏவரிலிடம் யாரும் கேட்கவில்லை, அவளாகச் சொல்லவும் இல்லை. கேட் தாண்டும்போது மட்டும், "இனிமே நீ அந்தப் பெஞ்சுல உக்காந்தா நான் மணி அடிக்க மாட்டேன்" என்றாள்.

மறுநாள் காலை, விடுமுறைத் திங்கள். ஏவரில் கப் கேக் சுடும் தட்டை எடுத்துச் சமையலறை மேசையில் வைத்தாள். லைல் மிச்சமிருந்த தன் தோட்டாக்களைக் கொண்டுவந்தார். க்ளெம் தன் பெட்டியைக் கொண்டுவந்து, காபி கேட்டு உட்கார்ந்தார். கோப்பைப் பரிசு போன கோபம் இன்னும் ஆறவில்லை.

தோட்டாவைச் சுத்தியல் மாதிரியான ஒரு கருவியில் வைத்துச் சிமெண்ட் தரையில் தட்டினால் குண்டு கழன்றுவிடும். க்ளெம்தான் தட்டினார். லைலால் தோளைத் தூக்கித் தட்ட முடியவில்லை, முடியாது என்று வாயைத் திறந்தே சொன்னார். ஒவ்வொன்றிலிருந்தும் வந்த மருந்தை ஏவரில் தட்டின் ஒவ்வொரு குழியில் கொட்டினாள். எல்லாம் ஒரே உயரம். லைலுடையது ஒரே உயரம். க்ளெமின் பெட்டியிலும் ஒரே உயரமாக வந்துகொண்டிருந்தது.

"பாத்தியா? ஒண்ணும் இல்ல" என்றார் க்ளெம். "என் கோப்பையைக் குடுத்துடு."

பெட்டியின் கடைசி வரிசையில் ஒன்றைத் தட்டினார். ஏவரில் கொட்டினாள். அந்தக் குழியில் மட்டும் மற்றதைப் போல இரண்டு மடங்கு மருந்து குவிந்தது.

மூவரும் அதைப் பார்த்தார்கள். க்ளெம் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். காபியை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"அடுத்த தடவ எனக்கு வேணும்னா நானே செஞ்சுக்கறேன்" என்றார் கடைசியில்.

"டார்ச் அடிச்சுப் பாரு" என்றார் லைல்.

ஏவரில் மருந்தையெல்லாம் ஒரு வாளியில் கொட்டி, எலுமிச்சை மரத்தடியில் மெல்லிசாகத் தூவித் தண்ணீர் ஊற்றினாள். அங்கே அதற்கு உரமாகும் வேலை மட்டும்தான். மைலோ டப்பாவில் மிச்சமிருந்ததும் அங்கேயே போயிற்று. டப்பாவை நசுக்கிக் குப்பையில் போட்டாள். சிவப்பு ஏப்ரனைத் துவைத்துக் கொட்டகை ஆணியில் மாட்டினாள்.

லைல் கேட் தூணடியில் கிளியோடு நின்றிருந்தார். அது கனம். நெஞ்சுவரை தூக்கிவிட்டார், அதற்கு மேல் கை ஏறவில்லை. ரோட்டில் ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே போயிற்று.

"ஏவரில், வலிக்குது" என்றார். "நீ கொஞ்சம் பிடி."

அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனாள். இருவருமாகத் தூக்கித் தூணில் வைத்தார்கள். லைல் இடது கையால் கிளியின் அடியில் இருந்த போல்ட்டை முடுக்கினார். கிளி கொஞ்சம் வீட்டைப் பார்த்து நின்றது. அதை ரோட்டைப் பார்த்துத் திருப்பி, இன்னொரு சுற்று முடுக்கினார்.